விண்டோஸ் உரிமம்: காசு கொடுத்தவரிடமே திரும்பத் திரும்பச் சான்று கேட்கும் பொருள்

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடைகளுக்கு பில் புக், பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் என்று எது வந்தாலும் செய்து கொடுப்போம். கடையில் மூன்று கம்ப்யூட்டர். டிசைன் வேலைக்கு ஒரு லேப்டாப், டைப்பிங்குக்கு ஓர் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் பிரிண்ட் எடுக்க மட்டும் ஒரு பழைய பெட்டி. மூன்றிலும் விண்டோஸ் போட்டிருந்தோம். மூன்றும் மூன்று விதமான உரிமம்.

விண்டோஸ் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி எழுத வரவில்லை. அது நன்றாகத்தான் ஓடுகிறது. எங்கள் தொழிலில் இன்னமும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் இல்லாமல் நாள் நகராது. அதன் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்த 7.0. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பழைய ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றை இன்றைக்கும் திறந்து, தேதியையும் பெயரையும் மாற்றி, மாலைக்குள் பத்திரிகை கொடுக்க முடிகிறதென்றால் அதற்கு விண்டோஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதை விட்டுப் போக முடியாமல் இருப்பதும் அதனால்தான்.

நான் எழுத வந்தது அதோடு கூடவே காசு கொடுத்து வாங்குகிற இன்னொரு பொருளைப் பற்றி. உரிமமும், அது செல்லும் என்று மைக்ரோசாஃப்டிடம் பதிவுசெய்துகொள்ளும் ஆக்டிவேஷனும். கடையில் ராம் எத்தனை ஜி.பி., எஸ்.எஸ்.டி. எவ்வளவு என்று எல்லாம் சொல்வார்கள். எந்த உரிமம் தருகிறோம், அது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எப்போது செல்லாமல் போகும் என்று யாரும் வாய் திறப்பதில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். காரணம் ஒன்றே ஒன்றுதான். நம் ஊரில் கம்ப்யூட்டரை யாரும் தூக்கிப் போடுவதில்லை. போர்டு போனால் போர்டு மாற்றுவோம். ஹார்ட் டிஸ்க் மெதுவானால் எஸ்.எஸ்.டி. போடுவோம். அண்ணன் உபயோகித்தது தங்கைக்குப் போகும், அங்கிருந்து கடைக்கு வரும். ரிப்பேர் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு பெட்டி பத்து வருஷம் உழைக்கிறது. விண்டோஸ் உரிமம் இந்த வாழ்க்கையைக் கணக்கில் எடுக்காமல் செய்யப்பட்ட பொருள். வாங்கினபடியே வைத்திருந்து, கெட்டால் புதிது வாங்குகிறவர்களுக்கு அது சிரமம் தராது. ரிப்பேர் பார்க்கிறவரைத்தான் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கும்.

லேப்டாப்பில் இருப்பது ஓ.இ.எம். உரிமம். லேப்டாப் கம்பெனி மைக்ரோசாஃப்டிடம் மொத்தமாக வாங்கி, பெட்டியோடு சேர்த்து நமக்கு விற்பது. விண்டோஸ் 7 காலம் வரை லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், நினைவிருக்கிறதா? உரிமத்துக்கான கீ அதில்தான் அச்சடித்திருக்கும். 25 எழுத்து, ஐந்தைந்தாக ஐந்து கட்டு. படிக்கிறவர் குழம்பக் கூடாது என்று அந்தக் கீயில் ஓ எழுத்தையும் பூஜ்ஜியத்தையும் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். ஐ-யும் 1-ம் கூட வராது. நல்ல யோசனை. ஆனால் ஸ்டிக்கர் மேஜையிலும் மடியிலும் தேய்ந்து, சூட்டில் எழுத்து மங்கி, தேவைப்படும் நேரத்தில் பாதி எழுத்து இருக்காது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தக் கீயை மதர்போர்டில் உள்ள சிப்புக்குள்ளேயே எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். இது உண்மையிலேயே நல்ல மாற்றம். ஃபார்மட் அடித்துத் திரும்ப ஓ.எஸ். போட்டாலும் கீ கேட்காது. நெட் கனெக்‌ஷன் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

போர்டே போய்விட்டால்தான் சிக்கல். கீ அதற்குள் அல்லவா இருக்கிறது.

போன வருஷம் ஐப்பசி முகூர்த்த நேரத்தில் லேப்டாப் ஆன் ஆகவில்லை. வாரன்டி இருந்தது. சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை, ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சந்தோஷமாகத்தான் எடுத்து வந்தேன். சில நாளில் திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி வந்து உட்கார்ந்தது. மேலே கொஞ்சம் பெரிய எழுத்தில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்று. கீழே சின்ன எழுத்தில், ஆக்டிவேட் செய்ய செட்டிங்ஸுக்குப் போங்கள் என்று.

வீட்டில் படம் பார்க்கிறவருக்கு அது ஒரு பொருட்டில்லாமல் இருக்கலாம். எங்கள் வேலையில் வாடிக்கையாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையில்தான் புரூஃப் பார்ப்பார். அந்த எழுத்து எந்த விண்டோவைத் திறந்தாலும் அதற்கு மேலே நிற்கும். பத்திரிகையின் கீழ்ப்பகுதியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு உற்றார் உறவினர் பெயர் வரும் இடம் இருக்கிறதே, அதன் மேலேயே அது நின்றது. பெண்ணின் தாய்மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்துவிட்டு, “இதுவும் பிரிண்ட்டுல வருமாம்மா?” என்று கேட்டார். வராது என்று சொன்னேன். கூட வந்த பையன், “ஒரிஜினல் இல்லாத விண்டோஸ் போட்டா இப்படித்தான் மாமா வரும்” என்று அவருக்கு விளக்கம் சொன்னான். காசு கொடுத்து, பில் வாங்கி, வாரன்டியில் ரிப்பேர் பார்த்த லேப்டாப். என் கடைக்குள் உட்கார்ந்தபடி அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், வாரன்டியில் போர்டு மாற்றும்போது பழைய போர்டில் இருந்த சீரியல் நம்பர், மாடல் எண் எல்லாவற்றையும் புது போர்டின் சிப்பில் எழுத வேண்டும். அதற்கென்று கம்பெனிகளிடம் தனி டூல் இருக்கிறது. விண்டோஸ் கீயும் அப்படித்தான் ஏற வேண்டும். அந்த சர்வீஸ் சென்டரில் இதைச் செய்யாமலே பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் போய்ப் பார்த்தால் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. போன் செய்தால், “ஹார்டுவேர்தான் மேடம் வாரன்டி, சாஃப்ட்வேர் எங்க பொறுப்பு இல்ல” என்ற பதில். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு பயாஸ் திரையை போட்டோ எடுத்து மெயில் அனுப்பி, விடாமல் துரத்திய பிறகு ஒருவர் பென் டிரைவோடு வந்தார். சில நிமிட வேலைதான். சாம்பல் எழுத்து மறைந்தது.

தப்பு சர்வீஸ் சென்டர் மீதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு போர்டு மாற்றியதும் உரிமமே இல்லாதவராக நம்மை நடத்துவது உரிமத்தின் வடிவமைப்பில் உள்ள குறை. மைக்ரோசாஃப்டின் விதியிலேயே, பழுதான போர்டுக்குப் பதிலாக அதே மாடலையோ அதற்கு ஈடானதையோ தயாரிப்பாளர் மாற்றிக் கொடுத்தால் புது உரிமம் வாங்கத் தேவையில்லை என்று இருக்கிறது. நாமே வேறு போர்டு போட்டு மேம்படுத்தினால்தான் அதைப் புதுக் கம்ப்யூட்டராக எடுத்துக்கொள்வார்கள். அந்த விதி பேப்பரில் இருக்கிறது, மெஷினுக்குத் தெரிவதில்லை. மெஷினுக்குத் தெரிவது ஹார்டுவேரின் அடையாளம் மாறிவிட்டது என்பது மட்டும்தான். ஏன் மாறியது, யார் மாற்றினார்கள் என்று அது கேட்காது. ஸ்கூட்டரில் இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் புது எண்ணை எழுதிக் கொள்கிறோம். வண்டி நம்முடையதாகவே இருக்கிறது. அந்த மாதிரி ஒரு சுலபமான வழி எல்லா உரிமத்துக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

இந்த ஏற்பாடு எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்துகொண்டால் கொஞ்சம் புரியும். 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஆக்டிவேஷன் கட்டாயமானது. அதற்கு முன்பு ஒரு சி.டி., ஒரு கீ இருந்தால் தெரு முழுக்கப் போடலாம். அதைத் தடுக்க, பெட்டிக்குள் இருக்கும் பிராசஸர், ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றிலிருந்து ஒரு அடையாள எண் செய்து, கீயோடு சேர்த்துப் பதிவுசெய்தார்கள். 30 நாளுக்குள் செய்யாவிட்டால் உள்ளே நுழைய முடியாது. நெட் இல்லாதவர்கள் போனில் செய்ய வேண்டும். விண்டோஸ் 10-ல் அந்தப் போன் வேலையில் 63 இலக்கம் இருந்தது, ஏழேழாக ஒன்பது கட்டு. அதைக் கொடுத்தால் அந்தப் பக்கமிருந்து 48 இலக்கம் வரும். ஒரு இலக்கம் தவறினால் அந்தக் கட்டை மறுபடியும் சொல்ல வேண்டும். பேரேட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்த எண்களை எழுதிவைத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது.

திருட்டுப் பிரதியைத் தடுக்கும் உரிமை மைக்ரோசாஃப்டுக்கு உண்டு. நானும் டிசைன் செய்து பிழைக்கிறவள். என் டிசைனை இன்னொரு பிரஸ்காரர் ஸ்கேன் செய்து பெயர் மாற்றிப் போட்டால் எனக்கு வலிக்கும். ஆகவே அந்தப் பக்கத்து நியாயம் தெரியும். என் கேள்வி எல்லாம், தடுக்கும் வேலியில் மாட்டுகிறவர் யார் என்பதுதான்.

2007 ஆகஸ்ட் 24-ல் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸ் அசல்தானா என்று சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் சர்வரில், இன்னும் தயாராகாத ஒரு நிரலைத் தவறுதலாக ஏற்றிவிட்டார்கள். ஏறக்குறைய 19 மணி நேரம், காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்.பி.யும் அதற்கு அடுத்து வந்த விஸ்டாவும் போலி என்று பதில் வந்தது. 12,000-க்குச் சற்றுக் குறைவான கம்ப்யூட்டர்கள் என்று பிறகு அவர்களே சொன்னார்கள். விஸ்டாவில் போலி என்று முடிவானால் ஏரோ என்ற அழகான தோற்றம் போய்விடும், சில வசதிகள் நின்றுவிடும். 2018 நவம்பர் 8-ல் இன்னொன்று. விண்டோஸ் 10 ப்ரோவுக்குக் காசு கட்டி உபயோகித்தவர்களிடம், உங்களுக்கு இருப்பது ஹோம் உரிமம்தான், ஹோமை நிறுவுங்கள் என்று திரையில் செய்தி வந்தது. அதுவும் அவர்கள் சர்வரில் ஏற்பட்ட கோளாறு, பிறகு சரிசெய்தார்கள். இரண்டு முறையும், உரிமம் இல்லாமலே ஏமாற்றி ஓடவைக்கும் கிராக் போட்டவர்கள் நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் கம்ப்யூட்டர் அந்த சர்வரைக் கேட்பதே இல்லை.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். விஸ்டா முதலில் வந்தபோது ஆக்டிவேட் செய்யாவிட்டால் பிரவுசரை மட்டும் ஒரு மணி நேரத்துக்குத் திறந்துவிட்டு வெளியே தள்ளும். எதிர்ப்பு வந்ததும் 2008-ல் முதல் சர்வீஸ் பேக்கோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சாம்பல் எழுத்தும், வால்பேப்பர் மாற்ற முடியாததும்தான் தண்டனை. பாதுகாப்பு அப்டேட்டுகள் தொடர்ந்து வரும். வேலை நிற்காது. இது நாகரிகமான நிலைமை, அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். இதைத்தான் எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊர்க் கடைகளில் ஓடும் பெட்டிகளில் இந்த வகையை நான் நிறையப் பார்க்கிறேன்.

பார்ட்ஸ் எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்து இங்கே ஒருவர் சேர்த்துக் கொடுத்தார். பில்லில் போர்டு, பிராசஸர், கேபினட் என்று எழுதி, கடைசியில் ‘ஒரிஜினல் ஓ.எஸ்.’ என்று ஒரு வரி போட்டுத் தனியாகக் காசு வாங்கினார். செட்டிங்ஸில் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றுதான் காட்டியது. எனக்குத் தெரிந்த ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் பிராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு வந்தபோது, சும்மா பார்ப்போமே என்று ஒரு கமாண்ட் அடித்துக் காட்டினார். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் என்ற சின்னப் பெட்டி வரும். அதில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு எக்ஸ்பிஆர் என்று அடித்தார். ஒழுங்கான உரிமம் என்றால் நிரந்தரமாக ஆக்டிவேட் செய்யப்பட்டது என்று வரும். எனக்கு வந்தது வேறு. வால்யூம் ஆக்டிவேஷன், இந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு தேதி.

வால்யூம் உரிமம் பெரிய கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உரியது. அங்கே உள்ளுக்குள் ஒரு சர்வர் இருக்கும், அதைக் கே.எம்.எஸ். என்பார்கள். குறைந்தது 25 கம்ப்யூட்டராவது அதைத் தொடர்புகொண்டிருந்தால்தான் அது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும். ஒருமுறை செய்தால் 180 நாள் செல்லும், இடையிடையே அதுவே புதுப்பித்துக்கொள்ளும். மூன்று பெட்டி இருக்கும் என் கடையில் அந்த உரிமம் இருக்க வழியே இல்லை. அசெம்பிள் செய்தவர் ஒரு ஆக்டிவேட்டரைப் போட்டு, அந்த சர்வர் இருப்பதுபோல் கம்ப்யூட்டரையே நம்பவைத்திருக்கிறார். அது போதாதென்று, ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துவிடக் கூடாதென்று, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரைச் சோதிக்காதே என்று விலக்கு கொடுத்து வைத்திருந்தார். அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இந்த டெஸ்க்டாப்பில்தான் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், மார்க் ஷீட், பத்திர நகல் எல்லாம் ஸ்கேன் செய்கிறோம். எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு புரோகிராம், காவல்காரனுக்குத் தெரியாமல், அதே பெட்டிக்குள் மாசக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கேட்டேன். “எல்லாருக்கும் இதான் அக்கா போடறோம். யாருமே ஒண்ணும் சொன்னதில்லை. அதுவே புதுப்பிச்சுக்கும்” என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே இதில் என்ன தப்பு என்று அவருக்குப் புரியவில்லை. வாங்கிய காசை அடுத்த வேலையில் கழித்துக்கொண்டார். அவரைப் போல் இருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கிராக் போடுவதாக இருந்தால் கிராக் என்று சொல்லிவிடுங்கள். ஒரிஜினல் என்று பில் போட்டு, வாங்குகிறவர் வீட்டுக்குள் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் கீயும் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த வால்யூம் கீயைத் துண்டு போட்டு விற்பார்கள், அல்லது ஒரே கீயைப் பலருக்கு. அன்றைக்கு ஆக்டிவேட் ஆகும். அளவுக்கு மீறி உபயோகமாகிறது என்று தெரிந்து கீயை முடக்கினால், திரையில் சி004சி003 என்று முடியும் ஒரு பிழை எண் மட்டும் வரும். விற்றவர் அதற்குள் வேறு பெயரில் கடை போட்டிருப்பார்.

பிறகு டெஸ்க்டாப்பை முழுசாகத் துடைத்து, பெட்டியோடு சேராமல் தனியாக விற்கும் ரீட்டெயில் உரிமம் வாங்கிப் போட்டேன். விலை அதிகம். அமெரிக்காவில் விண்டோஸ் 11 ஹோம் 139 டாலர், ப்ரோ 199 டாலர் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். இங்கேயும் ஒரு நல்ல இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கும் காசு ஆகிறது. ஆனால் இதை மட்டும் நான் மனதாரப் பாராட்டுவேன். இந்த உரிமம் பெட்டியோடு சாகாது. ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போடலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்துக்கொள்ளும் வசதி 2016-ல் வந்த அப்டேட்டிலிருந்து இருக்கிறது. சித்திரையில் இடி விழுந்து போர்டு போனபோது அது கைகொடுத்தது. புது போர்டு போட்டதும் ஆக்டிவேஷன் போய்விட்டது. ட்ரபிள்ஷூட் அழுத்தி, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்து, கணக்கில் நுழைந்ததும் பழைய பெட்டியின் பெயர் பட்டியலில் வந்தது. அதைத் தொட்டேன், வேலை முடிந்தது. யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு சுலபமாக இங்கே செய்ய முடிகிறதே, லேப்டாப்காரருக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். ஐந்துக்கு இரண்டு என்று போட்டதில் அந்த இரண்டும் இந்த வசதிக்குத்தான்.

அசெம்பிள் செய்கிறவர்களுக்கென்று ஓ.இ.எம். பேக் ஒன்றும் தனியாக விற்கிறது. ரீட்டெயிலைவிட விலை குறைவு. ஆனால் அது முதலில் போட்ட மதர்போர்டோடு கட்டுண்டது. நம் ஊர் கரன்ட்டுக்கு எது அதிக நாள் தாங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், லேப்டாப் வாங்குகிறவர்கள் கவனிப்பதே இல்லை. இங்கே விற்கும் விலை குறைந்த லேப்டாப்களில் பலவற்றில் இருப்பது வெறும் ஹோம் இல்லை, ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் பார்த்தால் தெரியும். காட்சி மொழி ஒன்றுதான். வேறு மொழியில் மெனு வைக்கலாம் என்று மொழிப் பக்கத்துக்குப் போனால், உங்கள் விண்டோஸ் உரிமம் ஒரே ஒரு காட்சி மொழியைத்தான் அனுமதிக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கும். தமிழில் தட்டுவதற்கு ஒரு தடையும் இல்லை. தமிழ் 99 விசைப்பலகை சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பல மொழி பேசும் நாட்டில், ஒரே வீட்டில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளையும் படிக்காத பெரியவரும் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டரில், மொழியையும் உரிமத்தில் வைத்துப் பூட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கே போட்டாலும் இங்கே போட்டிருக்கக் கூடாத பூட்டு.

ஜெராக்ஸ் பக்கத்துப் பெட்டிக்கு வருகிறேன். விண்டோஸ் 7 ஸ்டிக்கரோடு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தபோது ஒரு வருஷத்துக்கு இலவசமாக மாறலாம் என்றார்கள், மாறினோம். அந்த ஒரு வருஷம் முடிந்த பிறகும் பழைய 7, 8 கீக்கள் வருஷக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தன. 2023 செப்டம்பரில்தான் அந்தக் கதவை மூடினார்கள். அந்த விஷயத்தில் தாராளமாகத்தான் இருந்தார்கள். ஆனால் 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். எங்கள் பெட்டி அதைவிடப் பழசு. உரிமம் செல்லும், பெட்டி நன்றாக ஓடுகிறது, ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் புதிய விண்டோஸுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டிங்ஸை சிங்க் செய்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். கடைக்கு அது பொருந்தாது என்பதால் அந்தப் பெட்டியில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓ.எஸ். போட்டுவிட்டோம். பிரிண்டரை இணைத்ததும் கண்டுகொண்டது. பி.டி.எஃப். திறக்கிறது, வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வரும் ஃபைலை இறக்கி பிரிண்ட் கொடுக்கிறது. கடைத் தம்பி ஒரு வாரம் முனகினான், இப்போது அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கீ இல்லை, சர்வர் இல்லை, போர்டு மாற்றினாலும் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பேஜ்மேக்கர் மட்டும் அதில் நிம்மதியாக ஓடுமென்றால் மற்ற இரண்டையும் யோசித்திருப்பேன்.

யாருக்கு எதை வாங்கச் சொல்வேன் என்றால், புது லேப்டாப் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் வேறு தேர்வு கிடையாது, கூட வருவதுதான். வாங்கிய அன்றே உங்கள் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று வருகிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டியில் போர்டு மாற்றினால், சர்வீஸ் சென்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் பயாஸில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று அவர்களையே திறந்து காட்டச் சொல்லுங்கள். அசெம்பிள் பெட்டிக்கு ரீட்டெயில் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், கிராக் போடுவதைவிட மிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கும்போது மேலே சொன்ன அதே கமாண்டை விற்கிறவர் முன்னாலேயே அடித்துப் பாருங்கள். எக்ஸ்பிஆருக்குப் பதில் டிஎல்ஐ என்று அடித்தால் எந்த வகை உரிமம் என்பதும் வரும். ஓ.இ.எம். அல்லது ரீட்டெயில் என்றிருந்தால் சரி. வால்யூம் என்றிருந்து, அது ஏதோ கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப்பாக இருந்தால், பழைய கம்பெனியின் உரிமம் உங்களுக்கு வராது. அந்தக் காசை விலையில் குறைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள்.